ஃபியோனா ஹில் உளவாளி இல்லண்ணே

அண்ணே, "ஃபியோனா ஹில் சிஐஏ உளவாளி, ட்ரம்ப்தான் அரசு வேலைக்கே கூட்டிட்டு வந்தாரு"ன்னு போட்டுருக்கீங்க, ரெண்டுமே தப்பு. அவங்க ரஷ்யா விஷயத்த ஆராய்ஞ்சு எழுதற அனலிஸ்ட். 2006லருந்து 2009 வரைக்கும், புஷ் காலத்துலயே ஆரம்பிச்சு, அமெரிக்காவோட தேசிய உளவு கவுன்சில்ல ரஷ்யா பக்கத்த பாத்தாங்க, அதாவது பல ஏஜென்சிலருந்து வர்ற தகவல சேத்துவெச்சு எத நம்பலாம் எது டவுட்டுன்னு பிரிச்சு எழுதற வேலை. அப்புறம் திரும்பவும் ப்ரூக்கிங்ஸ்ங்கற ஆராய்ச்சி நிறுவனம், அதுக்கப்புறம்தான் 2017ல வெள்ளை மாளிகை. பொறந்ததும் அமெரிக்கா இல்ல, இங்கிலாந்துல பிஷப் ஆக்லாண்ட், அப்பா நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவரு. தன்னோட தொழிலாளர் வீட்டு பேச்சு வழக்கே இங்கிலாந்துல வேலையில முன்னேற தடையா இருந்திருக்கும்னு, ட்ரம்ப் பதவிநீக்க விசாரணைல 2019 நவம்பர்ல சாட்சி சொன்னப்போ அவங்களே சொன்னாங்க, தென்னாப்பிரிக்கா டர்பன்ல நம்ம இந்திய வம்சாவளி ஆளுங்க வாழற சாட்ஸ்வர்த்துல இருக்கறவங்களுக்கு அது புரியும்.