சின்ன அதிர்வு பெரியதைத் தடுக்காது

"அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் சின்னச் சின்ன நிலநடுக்கம் வருவது நல்லது, அழுத்தம் வெளியேறிவிடும், பெரியது வராது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இது தவறு, நம்பினால் ஆபத்தும்கூட. நிலநடுக்கத்தின் வலிமையைக் குறிக்கும் அளவில் ஒரு எண் கூடினால், வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. 6 அளவு நடுக்கம் ஒன்றுக்கு ஈடாக 3 அளவு நடுக்கங்கள் 30,000-க்கும் மேல் வேண்டும். சில நூறு அதிர்வுகள் எந்த மூலைக்கு? நெவாடாவில் பூமியின் மேலோடு இழுபட்டு மெலிந்துகொண்டே இருக்கிறது. அழுத்தமும் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். 2008 பிப்ரவரியில் நெவாடாவின் ரீனோ நகரம் அருகே தொடங்கிய சிற்றதிர்வுகள் அடங்காமல் வலுத்து, ஏப்ரலில் 5-ஐ ஒட்டிய அளவில் ஒன்று வந்தது. அதற்காக எல்லாத் தொடர் அதிர்வும் பெரியதற்கு முன்னறிவிப்பு என்று சொல்லவில்லை. பெரும்பாலானவை தாமாகவே ஓய்ந்துவிடும். அங்கே இருப்பவர்கள் கனமான அலமாரிகளைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள், தயவுசெய்து.