நல்ல நகைச்சுவைத் தொடர் நமக்குப் புதிதல்ல

"இந்தியத் தொலைக்காட்சியில் நல்ல சூழ்நிலை நகைச்சுவைத் தொடர் வந்ததே இல்லை, வந்தவை எல்லாம் வெளிநாட்டு நகல்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

1984இல் தூர்தர்ஷனில் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி'யை எழுதியவர் இந்தியின் முக்கியமான அங்கத எழுத்தாளர் சரத் ஜோஷி. ஒரு நடுத்தரக் குடும்பத்து வீடுதான் களம். சதீஷ் ஷா வாரந்தோறும் வேறொரு மனிதராக அதற்குள் நுழைவார். அது எந்த நாட்டின் நகல்? 2001இல் தொடங்கிய 'ஆபீஸ் ஆபீஸ்' தொடரில் பங்கஜ் கபூரின் முசத்திலால், ஒரு சாதாரண வேலைக்காக அரசு அலுவலகத்தில் மேசை மேசையாக அலைவார். நம் ஊரில் ஒரு சான்றிதழுக்கு நின்றவர் எவருக்கும் அந்த அலைச்சல் தெரியும். தமிழில் நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யை எப்படி மறக்க முடிகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

நகல்கள் உண்டு, மறுக்கவில்லை. 'ஜபான் சம்பால்கே' ஒரு பிரிட்டிஷ் தொடரைத் தழுவியது.

இன்று பஞ்சம் இருப்பதும் உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. மேலே சொன்னவை வாரத் தொடர்கள். எழுத அவகாசம் இருந்தது. 2004இல் வந்த 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' சுமார் 70 பகுதிகளோடு நின்றது. இன்றும் மக்கள் அதைத் தேடிப் பார்க்கிறார்கள். தினமும் அரை மணி நேரத்தை நிரப்பச் சொன்னால் எந்த எழுத்தாளரால் அந்தத் தரத்தைக் காக்க முடியும்?