முதல் ஸ்கேன் நார்மல் என்றால்?

மூளையில் போலவே தண்டுவடத்திலும் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வரும், எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான், ஆனால் எப்போது எடுக்கிறோம் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

மன்னார்குடி பக்கம் எங்கள் சித்தப்பா. குறுவை அறுப்பு நேரம். களத்தில் நின்றவருக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவில் சுரீரென்று வலி, ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு காலும் துவண்டுவிட்டன. மூட்டை தூக்குகிற ஆள்தானே, முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் நழுவியிருக்கும் என்றார்கள் முதலில் பார்த்த இடத்தில். அன்று ராத்திரி எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனில் டிஸ்க் அழுத்தமும் இல்லை, ரத்தக்கட்டும் இல்லை, தண்டுவடம் சுத்தம். முதல் சில மணி நேரத்தில் வழக்கமான படம் அப்படி ஏமாற்றிவிடும்.

மூன்றாம் நாள் தஞ்சாவூரில் டிஃப்யூஷன் படமும் (ரத்த ஓட்டம் தடைபட்ட இடத்தைக் காட்டும் எம்ஆர்ஐ வகை) சேர்த்து எடுத்தார்கள். பக்கவாட்டுப் படத்தில் தண்டுவடத்தின் முன்பக்கம் பென்சில் கோடு போல வெள்ளை. குறுக்குவெட்டில் இரண்டு புள்ளி, ஆந்தை முழிக்கிற மாதிரி. பக்கத்து முதுகெலும்பிலும் அதே அடையாளம். ஒரே ரத்தக்குழாயின் கிளைகள்தான் இரண்டுக்கும் போகின்றன என்பதால் அது பக்கவாதத்துக்குப் பலமான சாட்சியாம்.

ஆந்தைக்கண்ணை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, வேறு சில தண்டுவட நோய்களிலும் அது தெரியும். நரம்பியல் டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டது நேரத்தைத்தான். தண்டுவட அழற்சி பெரும்பாலும் நாள்கணக்கில் முற்றும், தண்டுவடப் பக்கவாதம் மணிக்கணக்கில். அப்புறம், காலில் ஊசி குத்தியது சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. ஆனால் டாக்டர் கால் கட்டைவிரலை அசைத்தால் கண்ணை மூடிக்கொண்டே மேலா கீழா என்று சொன்னார். தண்டுவடத்தின் முன்பக்க ரத்தக்குழாய் அடைத்தால் அப்படித்தான் இருக்குமாம்.

நல்லவேளை, சித்திக்கு நேரம் நினைவிருந்தது. நாலரை மணி பஸ் போன கையோடு வலி, ஐந்தரைக்கு எழுந்து நிற்க முடியவில்லை.