'பவர்சேவ்' என்றால் எப்போதும் குறைந்த வேகமா?

லினக்ஸில் பிராசசரின் வேகக் கொள்கையைக் குறிக்கும் 'கவர்னர்' என்ற அமைப்பு 'பவர்சேவ்' என்றிருந்தால் பிராசசர் குறைந்தபட்ச வேகத்திலேயே கிடக்கும், உடனே வேகத்துக்கு முன்னுரிமை தரும் 'பர்ஃபாமன்ஸ்' ஆக்குங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. பிராசசரின் வேகத்தை மாற்றும் மென்பொருளான ஸ்கேலிங் டிரைவர்களில் ஒன்று ஏசிபிஐ-சிபியுஃப்ரீக்; அதில் அப்படித்தான். ஆனால் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் மோடில் (வேகத்தைத் தன் சொந்த முறையில் முடிவு செய்யும் நிலை) இருந்தால் அதே பெயருக்கு வேறு வேலை: சுமைக்கேற்ப வேகம் ஏறி இறங்கும். பெயர் ஒன்று, குணம் வேறு. லினக்ஸின் மையமான கெர்னலின் ஆவணமே இதைச் சொல்கிறது. என்ன செய்ய, பெயர் வைத்த லட்சணம் அப்படி!

சந்தேகமிருந்தால் பெரிய புரோகிராம் ஒன்றைக் கம்பைல் செய்ய விட்டு, பிராசசர் விவரம் காட்டும் சிபியுஇன்ஃபோ கோப்பில் மெகாஹெர்ட்ஸ் வரியைப் பாருங்கள். சூடு அதிகமில்லையென்றால், இந்த இன்டெல் டிரைவரில் 'பவர்சேவ்' இருக்கும்போதே டர்போ (வழக்கமான வேகத்தைத் தாண்டிய உச்ச வேகம்) வரை போகும். பயனர் கையேடு எழுதுகிறீர்கள் என்றால், கவர்னரை விளக்கும் முன் ஸ்கேலிங் டிரைவரின் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். லேப்டாப்பில் சும்மா 'பர்ஃபாமன்ஸ்' போட்டால் பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.