கேரம் போர்டில் பழகியதும் புதியதும்

'தினமும் புதுசாகச் சொல்லிக்கொடுத்தால்தான் பிள்ளைகள் மண்டையில் ஏறும்' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி. வடசென்னையில் எல்லோருக்கும் பழக்கமான கேரமை வைத்தே சொல்கிறேன்.

முதன்முறை போர்டு முன் உட்காரும் பிள்ளைக்கு ஸ்ட்ரைக்கரில் விரல் வைப்பதே புதுசு. அப்போதே கட் (காயின் ஓரத்தில் அடித்துச் சாய்வாக அனுப்புவது), ரீபவுண்ட் (போர்டின் சட்டத்தில் பட்டுத் திரும்ப வைப்பது) என்று கலக்கினால் எதுவும் நிற்காது. ஒரே இடம், நேர் அடி. பத்துக்கு ஆறு விழும்வரை அதுவே போதும்.

அதற்குப் பிறகும் அதே இடத்திலேயே அடிக்க விடுவதுதான் பெரிய தப்பு. காய் விழ விழ 'கை வந்துவிட்டது' என்று தோன்றும். மறுநாள் காயை நாலு விரல் தள்ளி வைத்தால் தடுமாறும், ஏனென்றால் கோணத்தைப் புதிதாகக் கணிக்கும் வேலையே நடக்கவில்லை. நேர் அடி, கட், ரீபவுண்ட் மூன்றையும் மாற்றி மாற்றி வையுங்கள். அன்றைக்குக் குறைவாகத்தான் விழும், பயப்படாதீர்கள். 1978இல் கெர், பூத் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், சிறு பையை 2 அடி, 4 அடி தூரங்களில் எறிந்து பழகிய எட்டு வயதுப் பிள்ளைகள், 3 அடியில் மட்டுமே பழகியவர்களை அந்த 3 அடியிலேயே முந்தினார்கள்!

ஆனால் போர்டு, ஸ்ட்ரைக்கர், பவுடர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். அடி ஏன் தவறியது என்றே தெரியாது. காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் காற்றின் ஈரத்திலேயே போர்டு மந்தமாகிவிடும். அதற்கும் பிள்ளையைத் திட்டுகிறார்கள், பாவம். முதலில் போர்டைத் துடைத்துக் காயவிட்டு, பவுடரை லேசாகத் தூவிப் பாருங்கள். ஸ்ட்ரைக்கரை மாற்றினாலும் 15 கிராமுக்குள்ளேயே மாற்றுங்கள். அதற்கு மேல் போட்டியில் செல்லாது.