தம்பி ஓடாமல் இருந்த மாதங்கள்
பெருந்தொற்றுக் காலத்தில் தொழில்முறை விளையாட்டு வீரர்களின் மனநலம் பற்றிய ஒரு கட்டுரையை வாசித்ததும் என் தம்பியின் நினைவுதான் வந்தது. கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் தினமும் ஓடியவன், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டு நடைவழியில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான். போட்டி இல்லை, வருமானமும் இல்லை. இரவில் தூங்கமாட்டான், சோறு அப்படியே தட்டில் கிடக்கும். “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று நாங்களே அவன் வாயை அடைத்தோம். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

2021இல் பென் ஸ்டோக்ஸ் மனநலத்துக்காகக் கிரிக்கெட்டிலிருந்து சில காலம் விலகி நின்றபோது இங்கிலாந்து வாரியம் அவருக்குத் துணை நின்றது. தனியாக ஓடுகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தைக்கூட எந்தப் பயிற்றுநரும் அவனிடம் சொல்லவில்லை. பயிற்சி அட்டவணைக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டிவையுங்கள்.