கையொப்பமிட்ட பின்னும் ஆய்விலிருந்து விலகலாம்

மருத்துவ ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தில் ஒருமுறை கையொப்பமிட்டால் ஆய்வு முடியும்வரை விலக முடியாது என்றும், விலகினால் வழக்கமான சிகிச்சையும் நின்றுவிடும் என்றும் ஒருவர் எழுதியதைப் பலர் வழிமொழிந்திருக்கிறார்கள். அது சரியன்று என்பதைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறேன்.

உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஏற்று, கடைசியாக 2024இல் திருத்திய, மனிதர்களைக் கொண்டு நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறைகளை வகுக்கும் ஹெல்சிங்கி பிரகடனம், பங்கேற்பாளர் எந்த நேரத்திலும் தம் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், அதற்காக அவருக்கு எவ்விதப் பாதகமும் நேரக்கூடாது என்று தெளிவாகக் கூறுகிறது. விலகும் முடிவு மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைப் பாதிக்கக் கூடாது என்பதும் அதில் உள்ளது. அதுவரை திரட்டிய தகவல்களை ஆய்வாளர்கள் வைத்துக்கொள்ளக்கூடும் என்பது உண்மையே. அது படிவத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். சில மருந்துகளைச் சட்டென நிறுத்துவது ஆபத்து என்பதால், விலகுமுன் மருத்துவரிடம் தெரிவிப்பது நல்லது.

இத்தகைய அச்சம் பரவினால், ஏற்கெனவே ஆய்வுகளில் குறைவாகவே இடம்பெறும் மக்கள் மேலும் ஒதுங்கிவிடுவார்கள். வீடு வீடாகச் சென்று ஆய்வை விளக்கும் சமூகப் பணியாளர்களின் உழைப்பும் வீணாகும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

இதைச் சரிபார்க்க, உலக மருத்துவச் சங்கத்தின் இணையதளத்தில் பிரகடனத்தின் முழு வாசகத்தைப் படிக்கலாம். கையில் படிவம் இருந்தால், ‘பங்கேற்பது முற்றிலும் உங்கள் விருப்பம்’ என்ற பொருளில் வரும் பத்தியைத் தேடிப் பாருங்கள். அப்படியொரு பத்தி இல்லையென்றால், அந்த ஆய்வுக்கு அனுமதியளித்த நெறிமுறைக் குழுவிடம் நேரடியாகக் கேட்கலாம்.